விளையாட்டுக் கணினி: எதை முதலில் பார்ப்பது?



தேர்வு முடிவுகள் வெளிவரும் காலம் பெற்றோருக்கு இருவகைக் கவலையைத் தருவதாகும். மதிப்பெண் குறைந்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பது ஒரு கவலை. மதிப்பெண் மிகுந்துவிட்டாலோ, “நன்றாகப் படி, கேட்டதை வாங்கித் தருகிறேன்” என்று ஆண்டுத் தொடக்கத்தில் கொடுத்த வாக்கை எவ்வாறு காப்பாற்றுவது என்பது மற்றொரு கவலை. முன்னாளில் அவ்வாக்கு ஒரு மிதிவண்டியோடோ கைக்கடிகாரத்தோடோ நிறைவு பெற்றது. இந்நாளில் பிள்ளைகள் பலர் கேட்பது விளையாட்டுக் கணினி. அதன் விலையோ நம் குடும்பங்கள் பலவற்றில் சில மாத வருவாய்க்கு ஈடானது.

கணினி விளையாட்டு வேண்டுமா, வேண்டுமெனில் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் என்பதை அவ்வவ் வீட்டாரே தீர்மானித்துக்கொள்ளட்டும். அவ்வினாவை இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளவில்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட வீட்டார், அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தை வீணாக்காமல் பாகங்களைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதையே காண்போம். “எனக்குக் கணினி தெரியாது, எல்லாம் பையனுக்குத் தெரியும்” என்று தகப்பனார் ஒதுங்கிக்கொள்வதும், “அப்பாவுக்கு இதெல்லாம் விளங்காது” என்று பிள்ளை தனியே கடைக்குப் போவதும் ஒரே இழப்பிற்கு வழி வகுக்கின்றன. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து, ஒரு தாளில் பட்டியல் எழுதி முடிக்கும் வரை ஒரு ரூபாயும் வெளியே போகலாகாது.

வரிசையே தலையானது

கடைக்குள் நுழையும் இளைஞரின் கண்ணில் முதலில் படுவது வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிக் கேபினட். அடுத்து அவர் காதில் விழுவது விற்பனையாளர் அடுக்கும் பெரிய எண்கள். எந்த விளையாட்டு, எந்த மானிட்டர், எந்த மின்வழங்கி என்னும் வினாக்கள் கடைசியில்தான் எழுகின்றன. சில வேளைகளில் எழுவதே இல்லை. இவ்வரிசையைத் திருப்பிவிட வேண்டும். முதலில் விளையாட்டு, அதற்கேற்ற மானிட்டர், மானிட்டருக்கேற்ற கிராபிக்ஸ் கார்டு, கார்டுக்கேற்ற பிராசசர், பிராசசருக்கேற்ற மதர்போர்டும் ரேமும், இவையனைத்திற்கும் போதுமான மின்வழங்கி, இறுதியாக இவற்றை உள்ளடக்கும் கேபினட். வீடு கட்டுவோர் குடியிருக்கப்போவோரை எண்ணிய பின்னரே அறைகளைத் திட்டமிடுகின்றனர். வாசற்கதவின் வேலைப்பாட்டிலிருந்து தொடங்குவோர் இலர் அல்லவா?

விளையாட்டும் திரையும்

பிள்ளை விளையாட விரும்பும் விளையாட்டுகளில் நான்கைந்தின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு விளையாட்டிற்கும் குறைந்த அளவுத் தேவை யாது, பரிந்துரைக்கப்படும் தேவை யாது என்னும் இரு பட்டியல்களை வெளியீட்டாளரே தருகின்றனர். இரண்டாவதையே நாம் கணக்கில் கொள்ள வேண்டும். வயதுக் குறிப்பையும் அவ்வேளையிலேயே பார்த்துவிடலாம். ஐரோப்பாவில் 2003 முதல் வழங்கும் ‘பெகி’ முறை 3, 7, 12, 16, 18 என்னும் எண்களால் எந்த வயதினர்க்கு எது தகும் எனக் குறிக்கின்றது. பதின்மூன்று வயதுச் சிறுவனின் தாளில், 18 என்னும் குறியிட்ட ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ இருக்குமாயின், அதைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் அதுவே. கணினி வீட்டிற்கு வந்த பிறகு அன்று.

விளையாட்டுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். ‘வேலரன்ட்’, ‘கவுண்டர்-ஸ்ட்ரைக் 2’ போன்ற போட்டி விளையாட்டுகள் படத்தின் அழகைக் காட்டிலும் விரைவையே நாடுவன. எளிய கிராபிக்ஸ் கார்டிலும் அவை நன்கு ஓடும். நல்ல பிராசசரையே மிகுதியும் வேண்டும். ‘சைபர்பங்க் 2077’ போன்ற கதை விளையாட்டுகளோ மழையையும் நிழலையும் கண்ணாடி எதிரொளியையும் நுணுக்கமாகத் தீட்டுவன. கிராபிக்ஸ் கார்டை முழுவதுமாக வேலை வாங்குவன. பிள்ளை முதல் வகையை மட்டுமே விரும்பினால், செலவு பெரிதும் குறையும்.

அடுத்தது மானிட்டர். 1080பி எனப்படும் ஃபுல் எச்.டி. திரையில் 1920-ஐ 1080-ஆல் பெருக்க வரும் 20,73,600 புள்ளிகள் உள்ளன. 1440பி திரையில் 36,86,400 புள்ளிகள். 4கே திரையிலோ 82,94,400 புள்ளிகள், அஃதாவது முதலாவதைப்போல் நான்கு மடங்கு. படம் அசைவது சீராகத் தோன்ற, கிராபிக்ஸ் கார்டு இப்புள்ளிகள் அனைத்தையும் நொடிக்கு 60 முறையாவது புதிதாகத் தீட்ட வேண்டும். 4கே மானிட்டரை ஆசைப்பட்டு வாங்கியவர், அதற்கு ஈடுகொடுக்கும் கார்டையும் வாங்கக் கடமைப்படுகின்றார். முதற் கணினிக்கு 24 அங்குல 1080பி மானிட்டரே தக்கது. 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் என்னும் குறியுள்ளதாக இருப்பின், போட்டி விளையாட்டுகளில் அதன் பயன் கண்ணுக்கே தெரியும்.

கிராபிக்ஸ் கார்டு

விளையாட்டுக் கணினியில் பெரும்பாலான வேலை நடைபெறும் இடம் இதுவே. ஆகவே பெரும்பகுதிப் பணமும் இங்கேயே செல்ல வேண்டும். என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்கள் இதன் சில்லுகளை வடிவமைக்கின்றன. அவற்றைக் கொண்டு வேறு பல நிறுவனங்கள் கார்டுகளைச் செய்து விற்கின்றன. ஒரே சில்லுள்ள இரு கார்டுகளின் விலை வேறுபடுவது, பெரும்பாலும் விசிறிகளின் எண்ணிக்கையாலும் விளக்குகளின் அழகாலுமே. விளையாட்டின் வேகத்தில் அவற்றிடையே பெரிய வேறுபாடு இராது. மலிவானதன் உத்தரவாதக் காலத்தைப் பார்த்துக்கொண்டு அதனையே வாங்கலாம்.

பெயரைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது. ஆர்.டி.எக்ஸ். 3050 என்னும் கார்டு 2022-இல் 8 ஜி.பி. நினைவகத்தோடு வந்தது. 2024-இல் அதே பெயரில் 6 ஜி.பி. நினைவகத்தோடு மற்றொன்று வந்தது; நினைவகம் மட்டுமன்றிக் கணக்கிடும் உறுப்புகளும் அதில் குறைவு. 2025-இல் வெளியான ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ., ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ஆகிய இரண்டும் 8 ஜி.பி., 16 ஜி.பி. என இருவகையாக விற்கப்படுகின்றன. புதிய கதை விளையாட்டுகள் சில, படத்தரத்தை உயர்த்தினால் 1080பி திரையிலேயே 8 ஜி.பி.யை நிரப்பிவிடுகின்றன. நினைவகம் நிரம்பிய கார்டு திணறும். படம் விட்டு விட்டு ஓடும். நெடுநாள் வைத்துக்கொள்ள எண்ணுவோர்க்கு இந்த ஓர் எண் முக்கியமானது.

பழைய கார்டு மலிவாகக் கிடைக்கின்றதென்று வாங்குவோர் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். 2024 டிசம்பரில் வெளிவந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதத்தில் வெளிவந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ ஆகிய விளையாட்டுகளுக்கு, ரே டிரேசிங் எனப்படும் ஒளிக்கணக்கைச் செய்யும் உறுப்பு கார்டிலேயே இருத்தல் வேண்டும். ஜி.டி.எக்ஸ். என்னும் பெயருடைய பழைய கார்டுகளில், ஒரு காலத்தில் மிக உயர்ந்தவையாக விளங்கியவற்றிலுங்கூட, அவ்வுறுப்பு இல்லை.

விளம்பர எண்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரக் கண்காட்சியில், 549 டாலர் விலையுள்ள ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டு, 1,599 டாலர் விலையோடு 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090-க்கு நிகரான வேகம் தரும் என என்விடியா அறிவித்தது. கார்டு தீட்டும் ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே கணிப்பினால் உருவாக்கப்பட்ட படங்களையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. அத்துணையின்றிச் சோதித்தபோது புதிய கார்டு பழையதற்கு வெகுவாகப் பின்தங்கியது. இவ்வகைத் துணை பயனற்றது எனக் கூறவில்லை. ஆனால் ஒப்பிடும்போது, இரு கார்டுகளையும் அத்துணையின்றி ஓட்டிய சோதனையையே பார்த்தல் வேண்டும். கார்டின் பெயரோடு விளையாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடினால், பலர் செய்த சோதனைகளைக் கண்ணாரக் காணலாம்.

பிராசசரும் ‘ஐ7’ என்னும் மயக்கமும்

குடும்பங்கள் மிகுதியாக ஏமாறும் இடம் இதுவே. “ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ரேம், கேமிங் கணினி, மிகக் குறைந்த விலை” என்னும் விளம்பரங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஐ7 என்பது 2008 முதல் இன்டெல் நிறுவனம் ஆண்டுதோறும் புதுப்பித்துவந்த ஒரு வரிசையின் பெயர். அப்பெயரைத் தொடர்ந்து வரும் எண்ணே காலத்தைக் காட்டும். ஐ7-2600 என்பது 2011-இல் வந்தது. ஐ3-12100 என்பது 2022-இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்களே உள்ளன. எனினும் ‘சிறிய’ ஐ3, ‘பெரிய’ ஐ7-ஐப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாக வேலை செய்கின்றது.

வேகம் மட்டுமன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு அந்நிறுவனம் ஏற்பது இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கும் அதன்பின் வந்தவற்றிற்கும் உரிய பிராசசர்களையே, ஏ.எம்.டி.யிலும் அதற்கு நிகரான வரம்பு உண்டு. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் அதற்கு வேண்டும். வேலரன்ட் விளையாட்டு விண்டோஸ் 11-இல் அவ்வுறுப்பின்றி ஓடாது. ஆகவே பழைய ஐ7-ஐ வாங்கி வந்த மகன், தான் ஆசைப்பட்ட விளையாட்டைத் தொடங்கவே இயலாமல் திகைப்பான். கடைக்காரரிடம் “ஐ எத்தனை?” என்று கேட்பதோடு நில்லாமல், “முழு எண் என்ன? எந்த ஆண்டு வந்தது?” என்று கேளுங்கள். மதர்போர்டு எச்61 எனக் கூறினால், அதுவும் 2011-ஆம் ஆண்டின் வகையே என அறிந்துகொள்ளுங்கள்.

முதற் கணினிக்கு ஆறு கோர்கள் உள்ள பிராசசர் போதும். 2022-இல் வந்த இன்டெல் ஐ5-12400எஃப், ஏ.எம்.டி. ரைசன் 5 5600, 2023-இல் வந்த ரைசன் 5 7600 ஆகியவை இவ்வகையின. எண்ணின் இறுதியில் எஃப் என்னும் எழுத்து நின்றால், அந்த இன்டெல் பிராசசரில் படம் காட்டும் உறுப்பு இல்லை என்பது பொருள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அக்கணினியின் திரை ஒளிராது. கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என எண்ணுவோர் எஃப் வகையை வாங்கலாகாது. மிக உயர்ந்த பிராசசரை வாங்கிவிட்டு, பணம் தீர்ந்துபோனதால் எளிய கார்டைப் பொருத்துவோர் பலர். கதை விளையாட்டுகளில் அச்செலவின் பயன் அவர்களுக்குக் கிட்டாது.

மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி.

பிராசசரும் மதர்போர்டும் பூட்டும் சாவியும் போன்றவை. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்.ஜி.ஏ. 1700 என்னும் சாக்கெட்டில் அமர்வன. 2024 அக்டோபரில் வந்த புதிய வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851 வேண்டும். ரைசன் 5 5600-க்கு உரியது ஏ.எம்.4; ரைசன் 5 7600-க்கு உரியது 2022-இல் வந்த ஏ.எம்.5. வருங்காலத்தையும் எண்ணுவது நன்று. 2017-இல் ஏ.எம்.4 மதர்போர்டு வாங்கியோர் சிலர், அதன் பயாஸ் நிரலைப் புதுப்பித்து, 2022-இல் வந்த பிராசசரை அதிலேயே பொருத்திக்கொள்ள முடிந்தது. பலகையை மாற்றாமலே ஐந்தாண்டுக்குப் பின் புத்துயிர் கிடைத்தது. இன்று சற்று மிகுதியாகச் செலவிட இயன்றவர்க்கு ஏ.எம்.5 அத்தகைய வாய்ப்பைத் தருகின்றது. இயலாதவர்க்கு ஏ.எம்.4 குறைவுடையதன்று, ஆனால் அது முடிவை நெருங்கிய பாதை என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

ரேமிலும் இருவகை. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறு இடங்களில் இருப்பதால், ஒன்று மற்றதன் இடத்தில் அமராது. ஏ.எம்.4 பலகைக்கு டி.டி.ஆர்.4; ஏ.எம்.5 பலகைக்கு டி.டி.ஆர்.5, எல்.ஜி.ஏ. 1700 பலகைகளில் இருவகையும் உண்டாதலின், பலகையின் பெயரைப் பார்த்தே வாங்குக. அளவு 16 ஜி.பி.; அதனையும் ஒரே துண்டாக வாங்காது 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்கினால், பிராசசர் இரு வழியாக ஒரே நேரத்தில் படிக்கும், வேகம் கூடும். பணமிருப்பின் 32 ஜி.பி. நெடுநாள் உதவும்.

சேமிப்பிற்கு எஸ்.எஸ்.டி. இன்றியமையாதது. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 150 முதல் 200 எம்.பி. வரை படிக்கும், என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. சில ஆயிரம் எம்.பி. படிக்கும். 2023-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ என்னும் ஒரு விளையாட்டே 150 ஜி.பி. இடத்தையும் எஸ்.எஸ்.டி.யையும் வேண்டுகின்றது. ஆகவே 500 ஜி.பி. விரைவில் நிறைந்துவிடும், 1 டி.பி. வாங்குவதே சிக்கனம்.

கண்ணுக்குப் படாத மின்வழங்கி

நிற்க. நம்மவர் எஸ்.எம்.பி.எஸ். என்றழைக்கும் மின்வழங்கியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பட்டியலில் பணம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது இதுவே. வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி ஒவ்வொரு பாகத்திற்கும் பிரித்துக் கொடுப்பது அதன் பணி. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட் வழியிலேயே உண்கின்றன. அது தரக்குறைவானதாக இருந்தால், விளையாட்டின் நடுவே கணினி அணையும். அதற்கு மேலும் கெட்டால், தன்னோடு மதர்போர்டையும் கார்டையும் அழித்துவிடும்.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் தம் மகனோடு என்னைக் காண வந்தார். மோட்டார்களுக்குக் காயில் கட்டும் தொழில் அவருடையது. “சாமி, இவன் பேசுகிற பாஷையே எனக்குப் புரியவில்லை. நீங்கள் இந்த லிஸ்டைப் பார்த்து, சரி என்று சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடுகிறேன்” என்றார். பட்டியல் பெரும்பாலும் செம்மையாகவே இருந்தது. மின்வழங்கியின் இடத்தில் மட்டும், பெயர் கேட்டிராத ஒன்று, 450 வாட் என்றிருந்தது. அதன் பக்கவாட்டில் ஒட்டிய அட்டையின் படத்தைத் தம்பி கைப்பேசியில் வைத்திருந்தான். அதனைத் தகப்பனாரிடம் காட்டச் சொன்னேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் படித்தார்: 12 வோல்ட், 18 ஆம்பியர். ஒரு கணத்தில் பெருக்கிவிட்டார். “பன்னிரண்டு பதினெட்டு இருநூற்றுப் பதினாறு. இருநூற்றுப் பதினாறு வாட்தானே வருகிறது? மீதி எங்கேடா?” என்றார். மகனிடம் விடையில்லை. கிராபிக்ஸ் கார்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய அவன், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும் என்று பள்ளியில் படித்ததை இந்த அட்டையோடு சேர்த்துப் பார்த்ததில்லை. “அப்பா, அப்போ எதை வாங்கலாம்?” என்று அவன் கேட்டபோது, அத்தகப்பனாரின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் கண்டேன். அதுவரை அவர் பணம் கொடுப்பவராக மட்டுமே அங்கு நின்றிருந்தார்.

அக்கணக்கை நீங்களும் செய்யலாம். 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 கார்டு 145 வாட் வரை உண்ணும். ரைசன் 5 7600 மிகுந்த உழைப்பில் 88 வாட் வரை உண்ணும். மற்றவற்றிற்கு 60 வாட் வைத்துக்கொண்டால், மொத்தம் 300 வாட்டிற்குள் அடங்கும். திடீர் ஏற்றங்களையும் வருங்காலத்தையும் கருதி 550 வாட் வாங்கினால் போதுமானது. நேர்மையான 550 வாட் மின்வழங்கியின் அட்டையில் 12 வோல்ட் வழி 40 ஆம்பியருக்குமேல் காட்டும். 850 வாட் வேண்டும் என்று விற்பனையாளர் வற்புறுத்தினால், எந்தப் பாகம் எத்தனை வாட் உண்ணும் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

80 பிளஸ் என்னும் முத்திரை 2004-இல் தோன்றியது. வாங்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காட்டை வீணாக்காமல் தருகின்றது என்பதையே அது அளக்கும். பிரான்ஸ், கோல்டு முதலியன அதன் படிகள். பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்திற்கு அது சான்றாகாது. ஆதலின் முத்திரையோடு, ஐந்தாண்டேனும் உத்தரவாதம் தரும் அறிமுகமான நிறுவனத்தையும் பாருங்கள். எக்காரணத்தாலும் மின்வழங்கியின் பெட்டியைத் திறக்க விடாதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள வகையில், ஒன்றின் கேபிளை மற்றொன்றில் செருகலாகாது. முனை ஒன்றுபோல் இருந்தாலும் உட்கம்பிகளின் வரிசை மாறியிருக்கக்கூடும். ஒரு நொடியில் பாகங்கள் எரிந்துபோகும். மூன்றாம் முனையில் நல்ல எர்த் உள்ள சுவர்ச்செருகியும் வேண்டும். யு.பி.எஸ். வைப்போர் விஏ என்ற எண்ணைப் பாராது வாட் என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். 600 விஏ என்று விற்கப்படுவது பெரும்பாலும் 360 வாட்டே தாங்கும். மானிட்டரையும் சேர்த்தால் அது நூலிழை அளவே.

கேபினட்டும் வெப்பமும்

இனிக் கேபினட். 300 வாட் உண்ணும் கணினி அத்தனையையும் வெப்பமாக அறைக்குள் விடுகின்றது. சித்திரை வைகாசியில் நம் வீடுகளின் வெப்பம் நாம் அறிந்ததே. முன்புறம் முழுக் கண்ணாடியாக அடைத்த கேபினட்டில் காற்று புகாது. பாகங்கள் சூடேறித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். முன்புறம் வலையும், முன்னே காற்றை இழுக்கும் விசிறிகளும், பின்னே வெளியேற்றும் விசிறியும் உள்ளதைத் தெரிந்தெடுங்கள். கிராபிக்ஸ் கார்டின் நீளமும், பிராசசர் மேல் அமரும் கூலரின் உயரமும் அதனுள் அடங்குமா என்பதை மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துவிடுங்கள்.

பணத்தைப் பகிர்தல்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் நீங்கலாக நூறு ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். கதை விளையாட்டை விரும்பும் பிள்ளைக்கு அதனை ஏறத்தாழ இவ்வாறு பகிரலாம்: கிராபிக்ஸ் கார்டு 38, பிராசசர் 18, மதர்போர்டு 12, ரேம் 10, எஸ்.எஸ்.டி. 8, மின்வழங்கி 8, கேபினட் 6. இஃது ஒரு வழிகாட்டியே. விலை மாறும்போது பங்கும் மாறும். 2021-இல் நோய்த்தொற்றுக் காலத் தட்டுப்பாட்டாலும், கார்டுகளைக் கொண்டு எத்தீரியம் என்னும் மின்னணுப் பணத்தை ஈட்டியோரின் வேட்கையாலும் கார்டு விலை பன்மடங்காயிற்று. 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியதால், ரேமின் விலை கடுமையாக ஏறியது. அத்தகைய வேளையில் ரேமின் பங்கு 10-இல் நில்லாது, 16 ஜி.பி.யோடு நிறுத்திக்கொண்டு, பின்னர்ச் சேர்ப்பதே அறிவுடைமை.

பழைய பொருளை வாங்கலாமா என்பர். பிராசசர் எளிதில் கெடுவதில்லை, நம்பிக்கையானவரிடம் வாங்கலாம். கிராபிக்ஸ் கார்டை, அரைமணி நேரம் விளையாட்டை ஓட்டிக் கண்ணெதிரே பார்த்தபின் வாங்குக. எத்தீரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றிக்கொண்டபோது, இரவும் பகலும் உழைத்த கார்டுகள் ஏராளமாகப் பழைய சந்தைக்கு வந்தன. மின்வழங்கியை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டா.

சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ, குறைந்தது மூன்று கடைகளில் அதே பட்டியலுக்கு விலை எழுதி வாங்குங்கள். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா என்று கேளுங்கள். “அது இல்லை, இதுவும் அதேதான்” என்று மாற்றுப் பொருளை நீட்டினால், வீட்டிற்கு வந்து பார்த்தபின் சொல்கிறோம் என்று கூறிவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் தொடர் எண்ணும் ரசீதில் இருத்தல் வேண்டும். ரசீதில்லாமல் சிறிது குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் உத்தரவாதத்தை எதிர்பார்க்க முடியாது.

பொருத்திய பிறகு

பாகங்களைப் பொருத்துவதைக் கடையிலேயே செய்யச் சொல்லலாம், வீட்டிலும் செய்யலாம். வீட்டில் செய்வோர் மதர்போர்டோடு வரும் கையேட்டை முதலில் படிக்கட்டும். எப்படியாயினும், இறுதியில் மூன்றைச் சரிபாருங்கள். மானிட்டரின் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். மதர்போர்டில் செருகினால், வாங்கிய கார்டு வேலையின்றி இருக்கும். பயாஸில், இன்டெலாயின் எக்ஸ்.எம்.பி., ஏ.எம்.டி.யாயின் பெரும்பாலும் எக்ஸ்போ எனப்படும் அமைப்பை இயக்கினாலன்றி, ரேம் தன் அட்டையில் எழுதிய வேகத்தில் ஓடாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் அமைப்பில் 144 எனக் குறிக்காவிடில், அது 60-லேயே ஓடிக்கொண்டிருக்கும். பணம் கொடுத்து வாங்கிய பயனை அறியாமலே ஆண்டுக்கணக்கில் இழந்தோர் உண்டு.

பட்டியல் எழுதிய தாளையும் ரசீதுகளையும் ஓர் உறையிலிட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். மூன்றாண்டு கழித்துப் புதிய கார்டு வேண்டுமென்று பிள்ளை கேட்கும்போது, மின்வழங்கி எத்தனை வாட், கேபினட்டில் எத்தனை நீளம் என்பவற்றிற்கு அத்தாளே விடை சொல்லும். அன்று அத்தாளை எடுத்து வைத்துக் கணக்குப் போடும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள். முதல் முறை உங்கள் அருகே அமர்ந்து ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் எழுதியவன், இரண்டாம் முறை தானாகவே எழுதுவான். நாளை அவன் தன் சம்பாத்தியத்தில் வண்டி வாங்கும்போதும் வீடு கட்டும்போதும் அப்பழக்கம் அவனுக்கு உதவும்.